சிலேன்: எரிவதைவிட எரியாததே ஆபத்து

பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறிப் பல ஆண்டுகள் ஆன பின்னும் மன்றத்தின் ஆண்டிதழ் தவறாமல் என் கைக்கு வந்துவிடுகிறது. கவிதை, சிறுகதை, இலக்கிய ஆய்வு எல்லாம் அதில் நிறைய உண்டு. தொழிற்சாலைக் கதவுக்குப் பின்னால் நடப்பதைப் பற்றிய கட்டுரை மட்டும் அரிதாகவே வருகிறது. இம்முறை இதழ்க் குழுவினர், "உங்கள் வேலையைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள், அண்ணா" என்று கேட்டார்கள். என் வேலையில் நான் கற்றவற்றுள் பெரும்பகுதியைக் கற்பித்தது ஒரு வாயு. அதன் பெயர் சிலேன். அதைப் பற்றியே எழுதுகிறேன்.

பொறியியலும் வேதியியலும் படிக்கும் தம்பி தங்கையரில் பலர், பினாங்கிலோ கூலிமிலோ சிங்கப்பூரிலோ ஏதாவது ஒரு மின்னணுச் சில்லுத் தொழிற்சாலைக்குப் பயிற்சிக்குப் போவீர்கள். அங்கே இந்தப் பெயரை ஒரு கதவின் மீதோ ஒரு குழாயின் மீதோ நிச்சயம் பார்ப்பீர்கள். பார்க்கும்போது இந்தக் கட்டுரை நினைவுக்கு வந்தால் போதும்.

அணைக்காதே என்றார் அண்ணன்

1990களின் இறுதியில் நடந்தது இது. நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. வாயு அறையில் பணிபுரிந்த மூத்த தொழில்நுட்பர் ஒருவருக்குத் துணையாக என்னை அனுப்பியிருந்தார்கள். படிப்பு என்று பார்த்தால் அவர் ஐந்தாம் படிவத்தோடு நின்றவர். ஆனால் அந்த அறையின் ஒவ்வொரு குழாயும் அவருக்கு மனப்பாடம். நாங்கள் எல்லாரும் அவரை "அண்ணே" என்றுதான் அழைப்போம்.

அன்று காலை, சிலேன் தோம்பு வைக்கப்பட்டிருந்த இரும்பு அலமாரியின் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது, இணைப்பின் அருகே விரல் நீளத்துக்கு ஒரு சுடர் எரிந்துகொண்டிருந்தது. அபாய மணி அலறத் தொடங்கியது. தீயைப் பார்த்தால் அணைக்க வேண்டும் என்பதுதானே பள்ளிக்கூடத்திலிருந்து நாம் கற்றது? சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பானை நோக்கி ஓடினேன்.

"தம்பி, அத வை! அணைக்காதே!" என்று அண்ணன் கத்தினார். ஒரு கையால் சுவரிலிருந்த சிவப்பு நிற அவசரப் பொத்தானை அழுத்தினார். மறு கையால் என் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தார். கதவுக்கு அப்பால் போய் நின்ற பிறகுதான் பேசினார். "எரியுறது கண்ணுக்குத் தெரியுதுல்ல? அதுவரைக்கும் நல்லது. எரியலேன்னாதான் நான் பயப்படுவேன்."

பொத்தானை அழுத்தியதும் தோம்பின் வால்வு தானாகவே மூடிக்கொண்டது. குழாயில் மிச்சமிருந்த வாயு எரிந்து தீர்ந்ததும் சுடர் தானே அணைந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் எனக்கு அன்று விளங்கவில்லை. நான்கு ஆண்டுகள் படித்த பட்டதாரியான எனக்கு விளங்காதது அவருக்கு எப்படித் தெரிந்தது? அந்த வாக்கியத்தின் பொருளை விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

சிலேன் என்பது என்ன?

சமையலறையில் இருக்கும் எரிவாயுத் தோம்பை நாம் அறிவோம். சிலேனும் அதைப் போன்ற உருக்குத் தோம்பில்தான் வருகிறது. ஆனால் உள்ளே இருப்பது வேறு. ஒரு சிலிக்கன் அணுவோடு நான்கு ஹைட்ரஜன் அணுக்கள் இணைந்த மூலக்கூறு அது. நடுவில் சிலிக்கனுக்குப் பதிலாகக் கரி அணு இருந்தால் அது மீத்தேன். இரண்டும் ஒரே வடிவம் கொண்டவை. குணத்தில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

சிலேன் நிறமற்ற வாயு. காற்றைவிடச் சற்றே கனமானது; ஏறத்தாழ 1.1 மடங்கு. அதன் கொதிநிலை சுழியத்துக்குக் கீழே 112 பாகை செல்சியஸ். அறை வெப்பத்தில் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது. சமையல் எரிவாயு தோம்புக்குள் திரவமாக இருக்கிறது. சிலேனோ உயர் அழுத்தத்தில் வாயுவாகவே அடைபட்டுக் கிடக்கிறது.

1857-ஆம் ஆண்டில் ஃபிரெடெரிக் வோலர், ஹைன்ரிச் பஃப் என்ற இரு ஜெர்மானிய வேதியியலாளர்கள் இதை முதன்முதலில் கண்டறிந்தார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பின், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆல்ஃபிரட் ஸ்டாக் என்ற மற்றொரு ஜெர்மானியர் இந்தக் குடும்பத்தை முறையாக ஆராய்ந்தார். "சிலேன்" என்ற பெயரைச் சூட்டியவரும் அவரே. காற்று பட்டாலே பற்றிக்கொள்ளும் பொருளை எப்படி ஆராய்வது? காற்றே புகாத கண்ணாடிக் குழாய்த் தொகுதி ஒன்றை அவர் உருவாக்கினார். அதன் வால்வுகளில் பாதரசத்தைப் பயன்படுத்தினார். சிலேன் அவருக்குத் தீங்கு செய்யவில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் அந்த அறையில் பரவிய பாதரச ஆவி அவரது உடல்நலத்தையும் நினைவாற்றலையும் கெடுத்துவிட்டது. தமக்கு நேர்ந்ததை உணர்ந்தபின், 1926-இல் பாதரச ஆவியின் ஆபத்தைப் பற்றி அவர் எழுதி உலகை எச்சரித்தார். கண்ணுக்குத் தெரிந்த தீயிடமிருந்து தம்மைக் காத்துக்கொண்டவரைக் கண்ணுக்குத் தெரியாத ஆவி வீழ்த்தியது. இந்த வரலாற்றை நான் பயிற்சி மாணவர்களுக்கு எப்போதும் சொல்வதுண்டு.

இத்தனை ஆபத்தான வாயு நமக்கு எதற்கு? உங்கள் பக்கத்து வீட்டுக் கூரையில் இருக்கும் சூரிய ஒளித் தகட்டைப் பாருங்கள். அந்தக் கருநீல நிறம் சிலிக்கனின் இயல்பான நிறமன்று. ஒளி திருப்பி எதிரொளிக்காமல் இருப்பதற்காக மேலே பூசப்பட்ட சிலிக்கன் நைட்ரைடு என்ற மிக மெல்லிய படலத்தின் நிறம் அது. சிலேனையும் அமோனியாவையும் சேர்த்துத்தான் அந்தப் படலத்தை உருவாக்குகிறார்கள். உங்கள் கைப்பேசிக்குள் இருக்கும் சில்லிலும் இதே கதைதான். ஏறக்குறைய 600 பாகை வெப்பமுள்ள உலையில் சிலேன் பிரிந்து, சிலிக்கனைப் பளிங்குத் தகட்டின் மீது படியவிட்டு, ஹைட்ரஜனாக வெளியேறும். தூய சிலிக்கனை அணு அணுவாகப் படியவைக்க இதைவிட வசதியான வழி கிடைப்பது அரிது. ஆகவே, வேண்டாம் என்று ஒதுக்க முடியாத விருந்தாளி இது. பழகும் முறை தெரிந்துகொண்டு பழகுவதே வழி.

காற்றோடு ஏன் இந்தப் பகை?

மீத்தேன் காற்றில் கலந்தாலும் ஒரு தீப்பொறி வேண்டும். சிலேனுக்குத் தீப்பொறி தேவையில்லை. கரி-ஹைட்ரஜன் பிணைப்பைவிடச் சிலிக்கன்-ஹைட்ரஜன் பிணைப்பு வலுக்குறைந்தது. சிலிக்கன் அணு பெரியது. ஆக்சிஜன் மீது அதற்குத் தீராத மோகம். ஆக்சிஜனோடு சேர்ந்து சிலிக்கா என்னும் மணற்பொருளாக மாறும்போது ஏராளமான வெப்பம் வெளிப்படுகிறது. ஆகவே பெரும்பாலான நேரங்களில், சிலேன் காற்றைத் தொட்ட கணமே தானாகப் பற்றிக்கொள்கிறது. எரிந்தபின் மிஞ்சுவது நீராவியும் வெண்ணிறப் பொடியும்தான். காற்று போதாத இடத்தில் பொடி பழுப்பு நிறமாகவும் இருக்கும்.

"பெரும்பாலான நேரங்களில்" என்று எழுதியிருக்கிறேன். இந்தச் சொற்களில்தான் ஆபத்து முழுவதும் ஒளிந்திருக்கிறது.

எரியாத கசிவு

சமையல் எரிவாயு காற்றில் ஏறத்தாழ 2 முதல் 10 விழுக்காடு வரை கலந்திருந்தால்தான் எரியும். அதற்குக் குறைந்தாலும் கூடினாலும் எரியாது. சிலேனின் எல்லைகளோ ஏறத்தாழ 1.4 விழுக்காட்டில் தொடங்கி 96 விழுக்காட்டில் முடிகின்றன. காற்றில் எந்த அளவில் கலந்தாலும் அது எரியக்கூடியதே என்று சொல்லிவிடலாம்.

ஆனால் எரியக்கூடியது வேறு, தானாகவே பற்றிக்கொள்வது வேறு. 1.4 விழுக்காட்டுக்கும் ஏறத்தாழ 4 விழுக்காட்டுக்கும் இடைப்பட்ட கலவை அறை வெப்பத்தில் பொதுவாகத் தானாகப் பற்றுவதில்லை. தீப்பொறிக்காகக் காத்திருக்கும். அதற்கு மேற்பட்ட கலவைகளோ உறுதியற்ற நிலையில் இருப்பவை. சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று வெடிக்கும். எவ்வளவு நேரம் என்பது கலவையின் அளவு, வெப்பம், காற்றோட்டம் என்று பலவற்றைப் பொறுத்தது. அதை முன்கூட்டிச் சொல்ல இயலாது.

இதில் வேகத்துக்கும் பங்கு உண்டு. மெதுவாகக் கசியும் சிலேன் உடனே பற்றி, என் கண்ணுக்குத் தெரிந்தது போன்ற சுடராக எரியும். மிக வேகமாகப் பீய்ச்சி அடிக்கும் சிலேனோ பற்றாமலே போகக்கூடும். தீ தொடங்குவதற்கு முதலில் ஒரு சில துடிப்பான மூலக்கூற்றுத் துண்டுகள் உருவாக வேண்டும். அவை ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருக வேண்டும். வேகமான ஓட்டத்தில் அவை பெருகுவதற்குள் சிதறிக் குளிர்ந்துவிடுகின்றன. அடுப்பு மூட்டும்போது மெல்ல ஊதினால் தணல் பிடிப்பதும், பலமாக ஊதினால் அணைந்துபோவதும் நம் பாட்டிமார் அறிந்ததே. ஏறக்குறைய அதே கதைதான்.

இப்போது எண்ணிப் பாருங்கள். வேகமாகக் கசிந்த சிலேன் பற்றாமல் அறை முழுவதும் பரவுகிறது. யாரோ ஒருவர் அதை உணர்ந்து வால்வை மூடுகிறார். மூடும்போது வேகம் குறைகிறது. வேகம் குறைந்ததும் தீ பற்றுகிறது. அதுவரை சேர்ந்திருந்த கலவை முழுவதும் ஒரே நொடியில் வெடிக்கிறது. வால்வை மூடுவது சரியான செயல்தான். ஆனால் அந்த நேரத்தில் கையை வால்வின் மேல் வைத்திருப்பவர் உயிர்பிழைப்பது கடினம். இதனால்தான் அண்ணன் அலமாரியின் அருகே போகாமல், தூரத்தில் இருந்த பொத்தானை அழுத்தினார்.

தீயணைப்பானை நான் பயன்படுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சுடர் ஒருவேளை அணைந்திருக்கும். கசிவு நின்றிருக்காது. எரிந்துகொண்டிருந்தவரை வெளியே வந்த வாயு உடனுக்குடன் தீர்ந்துகொண்டிருந்தது. அணைத்தபின் அது சேரத் தொடங்கியிருக்கும். விரல் அளவு தீயை அணைத்துவிட்டு, அறை அளவு வெடிப்புக்கு வழிவகுத்திருப்பேன். நெருப்பில்லாமல் புகையாது என்பது பழமொழி. சிலேனைப் பொறுத்தவரை நெருப்பும் இல்லாமல் புகையும் இல்லாமல் இருக்கும் நேரத்தில்தான் நாம் ஓட வேண்டும்.

மூன்று விபத்துகள், மூன்று பாடங்கள்

2005-இல் தைவான் நாட்டில் சூரிய மின்கலம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சிலேன் வெடித்துத் தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார். ஒரு வாயு அறையில், ஒரு தோம்பிலிருந்து வெளிவரும் வாயுவே ஓர் உயிரைப் பறிக்கப் போதும் என்பதை இத்துறையினருக்கு நினைவூட்டிய விபத்து அது.

அதற்கு முன், 1988-இல், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வாயுக்களை ஆய்வு செய்யும் கூடம் ஒன்றில் ஒரு சிலேன் தோம்பு வெடித்து மூவர் மாண்டார்கள். தோம்புக்குள் நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயு புகுந்திருந்தது. தோம்பிலிருந்து வாயு வெளியேதான் வரும், உள்ளே போகாது என்றுதான் நாம் எண்ணுகிறோம். ஒரே குழாய்த் தொகுதியில் இரண்டு வாயுக்கள் இணைந்திருந்தால், அழுத்தம் கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு வாயு பின்னோக்கி ஓடக்கூடும். எரிபொருளும் எரியவைக்கும் பொருளும் ஒரே உருக்குக் கலத்துக்குள் சேர்ந்துவிட்டால் அது தோம்பு அன்று, வெடிகுண்டு. நைட்ரஸ் ஆக்சைடு, நைட்ரஜன் டிரைஃபுளோரைடு, குளோரின் போன்றவற்றோடு சிலேனின் குழாயோ வெளியேற்றப் பாதையோ எங்கும் சந்திக்கக்கூடாது என்ற விதியின் பின்னால் இத்தகைய சாவுகள் இருக்கின்றன.

மூன்றாவது விபத்து சிலேனின் உறவினர் ஒருவரால் வந்தது. டிரைகுளோரோசிலேன் என்பது ஏறத்தாழ 32 பாகையில் கொதிக்கும் திரவம். ஈரம் பட்டால் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையை வெளியிடும். தூய சிலிக்கன் கட்டிகளைத் தயாரிக்க இதுவே முக்கிய இடைப்பொருள். நம் நாட்டில் சரவாக்கின் சமலாஜுவில் நடைபெறும் சிலிக்கன் உற்பத்தியும் இந்த வேதியியலையே சார்ந்தது. ஜப்பானின் யொக்காயிச்சி நகரில் மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ் ஆலையில், 2014 ஜனவரி 9-ஆம் நாள், சுத்தம் செய்வதற்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்த ஒரு வெப்பப் பரிமாற்றியின் மூடியைத் திறந்தபோது அது வெடித்தது. ஐவர் இறந்தார்கள். இத்தனைக்கும் அந்தக் கருவி பல வாரங்களாக ஓட்டத்தில் இல்லை. ஈரமூட்டப்பட்ட நைட்ரஜன் செலுத்தி உள்ளிருப்பதைச் செயலிழக்கச் செய்யும் பணியும் நடந்திருந்தது. ஆனால் உள்ளே படிந்திருந்த குளோரோசிலேன் கசடு அந்த ஈரத்தோடு வினைபுரிந்து, அதிர்ச்சிக்கு வெடிக்கக்கூடிய பொருளாக மாறியிருந்தது. நின்றுபோன கருவி, கழுவிவிட்ட கருவி, காலியான தோம்பு இவை எல்லாம் பாதுகாப்பானவை என்று நம்பிவிடக்கூடாது.

கையாளும் முறை

இனி, இந்த வாயுவை எப்படிக் கட்டுக்குள் வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்போம். நீங்கள் போகும் இடத்தில் இவை இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம்.

முதலாவது, இடம். சிலேன் தோம்புகளுக்குத் தடித்த சுவரும் கனத்த கூரையும் கொண்ட மூடிய அறைதான் பாதுகாப்பு என்று தோன்றும். உண்மையில் திறந்தவெளியே சிறந்தது. கூரை மட்டும் போட்டு, பக்கங்களைத் திறந்துவிட்டால், கசியும் வாயு சேர்ந்து நிற்காமல் காற்றில் கலைந்துபோகும். மூடிய அறை வாயுவைச் சேர்த்து வைக்கும். வெடித்தால் அழுத்தத்தையும் கூட்டும்.

இரண்டாவது, குறுந்துளை. தோம்பின் வால்வு வாயிலேயே ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளையைப் பொருத்துகிறார்கள். குழாயே முறிந்துபோனாலும் அந்தத் துளை வழியாக வரக்கூடிய அளவுதான் வாயு வெளியே வரும். மின்சாரமோ கணினியோ இல்லாமல் வேலை செய்யும் காவலாளி இது. விலையும் சொற்பம். நான் பார்த்தவற்றுள் இதைவிட எளிய, இதைவிடப் பயனுள்ள பாதுகாப்புப் பொருள் வேறில்லை.

மூன்றாவது, அலமாரி. கட்டடத்துக்குள் வைக்க வேண்டியிருந்தால், இடைவிடாமல் காற்றை உறிஞ்சும் இரும்பு அலமாரிக்குள் வைக்கிறார்கள். கசிவு ஏற்பட்டாலும் உள்ளே கலவை எரியும் அளவை எட்டாதபடி காற்றோட்டம் இருக்க வேண்டும். உறிஞ்சும் விசிறி நின்றால் வாயுவும் தானாக நிற்க வேண்டும். தீச்சுடரைக் காணும் கருவி, வாயுவை முகரும் கருவி, அளவுக்கு மீறிய ஓட்டத்தை உணரும் கருவி ஆகிய மூன்றும் தோம்பின் வால்வோடு இணைந்திருக்க வேண்டும். அந்த வால்வு காற்றழுத்தத்தால் திறந்திருப்பது. காற்றழுத்தம் போனால் தானே மூடிக்கொள்ளும்.

நான்காவது, வெளியேற்றம். இயந்திரத்துக்குள் போகும் சிலேன் முழுவதும் பயன்படுவதில்லை. மிஞ்சியதை இயந்திரத்தின் அருகிலேயே கட்டுப்பாடாக எரித்து, வரும் சிலிக்காப் பொடியை நீரில் கழுவி எடுக்கிறார்கள். இந்தப் பொடி குழாய்களை அடைக்கும். அடைபட்ட இடத்துக்குப் பின்னால் எரியாத வாயு தங்கும். பராமரிப்பைத் தள்ளிப்போடுவது அதனால்தான் இங்கே உயிருக்கு ஆபத்து.

ஐந்தாவது, தீ. சிலேன் எரிந்தால் அதன் வரத்தைத் தூரத்திலிருந்து நிறுத்த வேண்டும். நிறுத்த முடியாவிட்டால் எரிந்து தீரவிட வேண்டும். பக்கத்துத் தோம்புகள் சூடேறாதபடி நீரைப் பொழிந்து குளிரவைக்கலாம். கரியமில வாயுவோ ஹேலன் வகைகளோ கொண்ட தீயணைப்பான்களை இதன்மீது பயன்படுத்தக்கூடாது. கசிவு ஒலி கேட்கிறது, சுடர் தெரியவில்லை என்றால் ஒருவரும் நெருங்கக்கூடாது.

உடல்நலம் பற்றியும் ஒரு சொல். தீயையும் வெடிப்பையும் ஒப்பிட்டால் சிலேனின் நச்சுத்தன்மை சிறிது. ஆனாலும் கண்ணையும் மூச்சுக்குழலையும் அது உறுத்தும். தலைவலியும் குமட்டலும் வரலாம். பணியிடக் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 5 பங்கு என்பது பரிந்துரைக்கப்படும் உச்ச அளவு. குமட்டும் வாடை அதற்கு உண்டுதான். ஆனால் சமையல் எரிவாயுவைப் போல் எச்சரிக்கைக்காகச் சேர்த்த வாடை அன்று அது. மூக்கை நம்பி அந்த அறைக்குள் போகாதீர்கள்.

என் தவறு

தோம்பு மாற்றும் வேலையை நான் வேண்டுமென்றே மேலே சொல்லாமல் விட்டேன். அது தனியாகச் சொல்ல வேண்டியது.

தீர்ந்த தோம்பைக் கழற்றுவதற்கு முன், தோம்பையும் குழாயையும் இணைக்கும் சிறுகுழாயில் தங்கியிருக்கும் சிலேனை முழுவதும் வெளியேற்ற வேண்டும். நைட்ரஜனை அழுத்தி நிரப்பி, பிறகு உறிஞ்சி, மீண்டும் நிரப்பி, மீண்டும் உறிஞ்ச வேண்டும். இதைப் பர்ஜ் செய்வது என்போம். ஒவ்வொரு சுற்றிலும் மிச்சமிருக்கும் சிலேன் பல மடங்கு குறையும். பல முறை செய்தால்தான் ஏறக்குறைய ஒன்றுமில்லாத நிலைக்கு வரும். இதற்கான நைட்ரஜனும் தனித் தோம்பிலிருந்து வர வேண்டும். தொழிற்சாலை முழுவதற்கும் போகும் பொது நைட்ரஜன் குழாயோடு இணைக்கக்கூடாது. காரணத்தை நியூ ஜெர்சி விபத்தில் பார்த்தோம்.

இன்று இந்தச் சுற்றுகளைக் கணினி எண்ணிக்கொள்கிறது. அன்று எங்கள் அறையில் இருந்தது கையால் திருப்பும் பழைய பலகை. வால்வுகளைத் திருப்பித் திருப்பி நாமே எண்ண வேண்டும். நேரம் பிடிக்கும், சலிப்பூட்டும் வேலை. அண்ணன் வாய்விட்டு எண்ணுவார். யாராவது குறுக்கே பேசி எண்ணிக்கை தவறினால் ஒன்றிலிருந்து தொடங்குவார். எனக்கு அது சிரிப்பாக இருக்கும்.

ஓராண்டு கழித்து, ஒரு மாலைப் பணிமாற்ற நேரத்தில் அண்ணன் விடுப்பில் இருந்தார். உற்பத்திப் பிரிவிலிருந்து, வாயு எப்போது வரும் என்று மூன்று முறை தொலைபேசியில் கேட்டுவிட்டார்கள். நான் பாதி எண்ணிக்கையில் நிறுத்திவிட்டேன். அழுத்தமானி சுழியத்தைக் காட்டியது. போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாவியால் இணைப்பைத் தளர்த்தினேன். "பட்" என்று ஓர் ஓசை. கண்முன்னே ஒரு வெளிச்சம். அவ்வளவுதான். முகக் கவசத்தின் மீதும் கையுறையின் மீதும் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. கையுறையின் விரல் நுனி கருகியிருந்தது. உள்ளே விரல் சிவந்திருந்தது.

என்னைக் காப்பாற்றியவை மூன்று. முகக் கவசமும் தீப்பிடிக்காத மேலங்கியும் அணிந்திருந்தேன். அலமாரியின் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. தோம்பின் வால்வு இறுக மூடியிருந்ததால் வெளிவந்தது சிறுகுழாயில் தங்கிய மிச்சம் மட்டுமே. இந்த மூன்றில் ஒன்று தவறியிருந்தாலும் இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருப்பேனா என்பது சந்தேகமே.

மறுநாள் அண்ணனிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கையுறையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "எத்தனை?" என்று மட்டும் கேட்டார். எண்ணிக்கையைச் சொன்னேன். "இனிமே நீ எண்ணு, நான் கேட்கிறேன்" என்றார். அடுத்த ஆறு மாதங்களுக்கு ஒவ்வொரு தோம்பு மாற்றத்தின் போதும் நான் உரக்க எண்ணினேன், அவர் பக்கத்தில் நின்று கேட்டார். இந்த வேலையை இருவராகத்தான் செய்ய வேண்டும் என்று விதிப்புத்தகத்தில் இருக்கிறது. அது ஏன் என்பதை அந்த ஆறு மாதங்களில் புரிந்துகொண்டேன்.

அழுத்தமானியின் முள் சுழியத்தில் நின்றால் அழுத்தம் இல்லை என்று பொருள். சிலேன் இல்லை என்று பொருளன்று. அறிவியல் படித்த நான் அன்று மறந்த பாடம் இதுதான்.

பயிற்சிக்குப் போகும் தம்பி தங்கையருக்கு

தொழிற்சாலைக்குப் போகும் முதல் நாளிலேயே, நீங்கள் நெருங்கப்போகும் ஒவ்வொரு வேதிப்பொருளின் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தருவது அவர்கள் கடமை. கேட்பது உங்கள் உரிமை. அவசரப் பொத்தான் எங்கே, வெளியேறும் வழி எது, காற்று எந்தப் பக்கம் வீசினால் எந்தப் பக்கம் ஓடுவது என்பதைக் கேளுங்கள். வாயு அறைப் பகுதிக்கு நைலான், பாலியஸ்டர் சட்டையோடு போகாதீர்கள். அவை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தியாடை அணிந்து, அதன்மேல் அவர்கள் தரும் தீப்பிடிக்காத மேலங்கியை அணியுங்கள்.

மலேசியாவில் 1994-ஆம் ஆண்டின் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தொழிலாளரைக் காக்கும் பொறுப்பை முதலாளிமீது சுமத்துகிறது. அதற்கு 2022-இல் செய்யப்பட்ட திருத்தம் 2024 ஜூன் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. உயிருக்கு உடனடி ஆபத்து இருப்பதாகத் தக்க காரணத்தோடு கருதும் தொழிலாளி, முதலாளி அந்த ஆபத்தை நீக்க நடவடிக்கை எடுக்காதபோது, அவ்விடத்தை விட்டு விலகிக்கொள்ளும் உரிமையை அது தெளிவாக வழங்கியுள்ளது. சிங்கப்பூரில் 2006-ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இருக்கிறது. இவற்றை அறிந்து வைத்திருங்கள். "அவசரம், சீக்கிரம் முடி" என்று தொலைபேசியில் குரல் வரும்போது, "இன்னும் எண்ணி முடியவில்லை" என்று சொல்ல இவை துணைநிற்கும். அன்று அப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அண்ணன் இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். வாயு அறையில் கணினித் திரையும் தானியங்கி வால்வுகளும் வந்துவிட்டன. ஆனாலும் புதிதாக வரும் பொறியாளர்களை நான் முதல் நாள் அழைத்துச் சென்று அந்த அலமாரியின் கண்ணாடி முன் நிறுத்துகிறேன். உள்ளே சுடர் தெரிந்தால் என்ன செய்வாய் என்று கேட்கிறேன். பெரும்பாலோர் அணைப்பேன் என்கிறார்கள். அங்கிருந்துதான் பாடத்தைத் தொடங்குகிறேன்.